தலைவலிக்குச் சுக்கு மல்லிக் கஷாயம்: பொடி இடிப்பது முதல் பற்றுப் போடுவது வரை

மாலை வேளைகளில் நெற்றிப்பொட்டு இரண்டும் விண்விண்ணென்று தெறிக்கும் தலைவலி எனக்கு நெடுங்காலம் இருந்தது. அதைத் தணிக்க உதவிய சுக்கு மல்லிக் கஷாயத்தின் செய்முறையையும், அடுப்பைப் பற்றவைக்கும் முன் கவனிக்க வேண்டிய உணவு விஷயங்களையும் இங்கே எழுதுகிறேன். வழக்கமாக வந்துபோகும் சாதாரணத் தலைவலிக்கு மட்டுமே இவை பொருந்தும். சில நொடிகளில் உச்சத்தைத் தொடும் வலி, காய்ச்சலும் கழுத்து விறைப்பும் சேர்ந்த வலி, கை கால் வலுவிழத்தல், பேச்சுக் குழறல், பார்வை மங்கல், தலையில் அடிபட்ட பின் வரும் வலி, கர்ப்பிணிகளுக்கு வரும் கடும் வலி, 50 வயதுக்கு மேல் புதிதாகத் தோன்றும் வலி ஆகியவற்றுக்குக் கைவைத்தியம் பார்த்துக்கொண்டிராமல் உடனே மருத்துவரிடம் செல்ல வேண்டும்.

முதல் படி: வலி எதனால் வந்தது?

காலை உணவைத் தவிர்த்ததால் வந்த வலி என்றால் முதலில் இரண்டு இட்லியோ ஒரு கிண்ணம் கஞ்சியோ சாப்பிடுங்கள். வெறும் வயிற்றில் சுக்கும் மிளகும் இறங்கினால் தலைவலியோடு வயிற்றெரிச்சலும் சேர்ந்துகொள்ளும். வெயிலில் அலைந்து திரிந்து வந்த வலிக்கு, ஒரு பங்கு தயிருக்கு மூன்று பங்கு நீர் விட்டுக் கடைந்து, உப்பும் கறிவேப்பிலையும் சேர்த்த நீர்மோரே போதும். இரண்டு டம்ளர் குடித்துவிட்டு நிழலில் அரை மணி நேரம் இருந்து பாருங்கள்.

காபி விஷயம் சற்று வேறு. நாள்தோறும் காபி குடிப்பவர் விரத நாளிலோ வெளியூர்ப் பயணத்திலோ அதைத் தவறவிட்டால், கடைசியாகக் குடித்ததிலிருந்து 12 முதல் 24 மணி நேரத்துக்குள் தலைவலி தொடங்குவது வழக்கம். உடல் பழகிப்போன காஃபீன் கிடைக்காமல் மூளையின் இரத்தக் குழாய்கள் விரிவடைவது இதற்கு ஒரு முக்கியக் காரணம். சுக்கு மல்லிக் கஷாயத்தில் காஃபீன் துளியும் இல்லையாதலால், எத்தனை டம்ளர் குடித்தாலும் இந்த வலி அதற்குக் கட்டுப்படாது. அரை டம்ளர் காபி குடித்துவிடுவதே நேர்வழி. காபியை விட நினைப்பவர்கள் ஒரேயடியாக நிறுத்தாமல், சில வாரங்களில் சிறிது சிறிதாகக் குறைத்துக்கொண்டு வர வேண்டும்.

இரண்டாம் படி: பொடி

தேவையானவை: கொத்தமல்லி விதை 100 கிராம், சுக்கு 50 கிராம், மிளகு 10 கிராம், ஏலக்காய் ஐந்து.

பலரும் தடுமாறுவது சுக்கில்தான். மேலே வெள்ளையாகச் சுண்ணாம்பு படிந்த சுக்கை விட்டுவிட்டு, பழுப்பு நிறத்தில் இருப்பதைத் தேர்ந்தெடுங்கள். ஒவ்வொரு துண்டையும் வெளிச்சத்தில் திருப்பிப் பார்த்தால் ஊசிமுனை அளவுத் துளைகள் சிலவற்றில் தெரியும். அவை வண்டு அரித்தவை. தட்டினால் உள்ளிருந்து மாவு உதிரும், அவற்றைக் கழித்துவிட வேண்டும். "சுக்குக்குப் புறநஞ்சு, கடுக்காய்க்கு அகநஞ்சு" என்பது சித்த மருத்துவ வழக்கு. ஆகவே மேல்தோலைக் கத்தியால் நன்றாகச் சுரண்டி எடுத்த பின்பே இடிக்க வேண்டும்.

தோல் நீக்கிய சுக்கை அரை நாள் வெயிலில் காய வைத்து, முதலில் இரும்பு உரலில் மிளகளவுத் துண்டுகளாக நொறுக்குங்கள். முழுச் சுக்கை நேராக மிக்ஸியில் போட்டால் பிளேடு மழுங்கும், ஜாரும் விரிசல் விடும், சுக்கு மட்டும் அரைபடாமல் உருண்டுகொண்டிருக்கும். நொறுக்கிய பிறகு மிக்ஸியைப் பயன்படுத்துவதில் தவறில்லை என்றாலும், நான் கடைசிவரை உரலையே விரும்புகிறேன்; சூடேறாமல் இடிபடுவதால் மணம் அப்படியே நிற்கிறது. எவ்வளவு இடித்தாலும் பஞ்சு போன்ற நார் மிஞ்சும். அதைச் சலித்து நீக்காவிட்டால் கஷாயம் தொண்டையில் உறுத்தும்.

கொத்தமல்லி விதையைச் சிறு தீயில், வாசனை எழும் வரை மட்டும் வறுக்க வேண்டும். நிறம் கறுத்தால் கசப்பு ஏறிவிடும். மிளகையும் ஏலக்காயையும் வறுக்க வேண்டியதில்லை. எல்லாவற்றையும் பொடித்து, ஆறிய பின் கண்ணாடிப் புட்டியில் அடைத்து வையுங்கள்.

மூன்றாம் படி: கொதிக்க வைத்தல்

எவர்சில்வர் பாத்திரத்தில் 250 மில்லி நீரைக் கொதிக்க விட்டு, ஒரு தேக்கரண்டி பொடியும் ஐந்தாறு துளசி இலைகளும் போட்டுச் சிறு தீயில் ஐந்து நிமிடம் வையுங்கள். இனிப்புக்குச் சேர்க்கும் கருப்பட்டியில் மண்ணும் தூசியும் இருக்குமாதலால் அதைத் தனியே சிறிது வெந்நீரில் கரைத்து வடிகட்டிக்கொண்டு, அடுப்பை அணைத்த பிறகு சேர்க்க வேண்டும். இரண்டு நிமிடம் அப்படியே விட்டால் பொடி அடியில் படியும். பிறகு மெல்லிய பருத்தித் துணியில் வடிகட்டுங்கள். தேநீர் வடிகட்டியின் கண்கள் இதற்குப் பெரியவை. பால் சேர்க்காதீர்கள்: கருப்பட்டியும் சுக்கும் சூடான பாலைத் திரிய வைத்துவிடலாம். பொறுக்கும் சூட்டில் மெல்ல மெல்லக் குடிக்க வேண்டும். நாளுக்கு இரண்டு டம்ளருக்கு மேல் வேண்டாம்.

இது வெறும் பாட்டி வைத்தியம் அன்று. 2014-இல் வெளியான ஈரானிய ஆய்வு ஒன்றில் ஒற்றைத் தலைவலி உள்ள 100 பேரில் ஒரு பகுதியினருக்கு இஞ்சிப் பொடியும், மற்றவர்களுக்குச் சுமாட்ரிப்டான் என்ற ஒற்றைத் தலைவலி மாத்திரையும் கொடுத்தபோது, இரண்டும் ஏறத்தாழ ஒரே அளவில் வலியைக் குறைத்தன. ஒரே ஒரு சிறு ஆய்வை வைத்து மருத்துவர் தந்த மாத்திரையை நிறுத்திவிடக் கூடாது. எனினும் தலைவலியோடு வரும் குமட்டலுக்கு இஞ்சி நல்ல பலன் தருவதால், சாப்பிடவே முடியாத நாட்களில் இந்தக் கஷாயம் இரட்டை உதவி செய்கிறது.

நான்காம் படி: பற்று

தோல் நீக்கிய முழுச் சுக்கைச் சந்தனக் கல்லில் சில துளி வெந்நீர் விட்டு உரைத்தால் வெண்ணிற விழுது வரும். அதை நெற்றியிலும் பொட்டிலும் மெல்லிதாகப் பூசி, 15 நிமிடத்துக்குள் ஈரத்துணியால் துடைத்துவிடுங்கள். முதலில் முன்கையில் சிறிது தடவிப் பார்ப்பது நல்லது. புருவத்துக்குக் கீழே இறங்கவே கூடாது. காய்ந்தபின் உதிரும் துகள் கண்ணில் விழுந்தால் கடுமையாக எரியும், உடனே குளிர்ந்த நீரால் கழுவ வேண்டும். குழந்தைகளுக்கு இதைப் போட வேண்டாம்.

பின்னர்ச் சேர்த்தவை

கஷாயப் பொடியையே குழைத்துப் பற்றுப் போட்டு நெற்றி சிவந்துபோனதாக வாசகர் ஒருவர் எழுதியிருந்தார். அதில் மிளகு இருப்பதால் தோலுக்கு ஆகாது. பற்றுக்கு உரைத்த சுக்கு மட்டுமே ஏற்றது.

கருப்பட்டி சேர்க்கலாமா என்று நீரிழிவு உள்ளவர்கள் கேட்டிருந்தார்கள்: கருப்பட்டியும் இரத்தச் சர்க்கரையை ஏற்றும், ஆகவே அதைத் தவிர்த்துவிடுங்கள். இரத்தம் உறையாமலிருக்க மாத்திரை சாப்பிடுபவர்களும், வயிற்றுப் புண் உள்ளவர்களும், கர்ப்பிணிகளும் மருத்துவரைக் கேட்ட பிறகே குடிக்க வேண்டும்.

கஷாயத்தோடு பாராசிட்டமாலும் அன்றாடம் எடுத்துக்கொள்வதாகச் சிலர் தெரிவித்தார்கள். மாதத்தில் 15 நாட்களோ அதற்கு மேலோ இத்தகைய வலி மாத்திரைகளைத் தொடர்ந்து சாப்பிட்டால், அந்த மாத்திரைகளே தலைவலிக்குக் காரணமாகிவிடும். மாத்திரை போட்ட நாட்களை நாட்காட்டியில் வட்டமிட்டு வைத்து, அதை மருத்துவரிடம் காட்டுங்கள்.