குழந்தைக்கு யூரின் கல்ச்சர்: மாதிரி பிடிப்பதில்தான் எல்லாம்

சளி இல்லை, பேதி இல்லை, ஆனால் 100.4 டிகிரிக்கு மேல் காய்ச்சல். கைக்குழந்தை 'எரியுது' என்று சொல்லாது; பால் குடிக்காது, வாந்தி எடுக்கும், சிணுங்கும். பல் முளைக்கிற சூடு என்று தொப்புளில் விளக்கெண்ணெய் வைத்து நாள் கடத்தாமல் டாக்டரிடம் காட்டுங்கள். சிறுநீர்த் தொற்றாக இருக்கலாம்; யூரின் கல்ச்சர், அதாவது சிறுநீரில் இருக்கும் கிருமியை லேபில் வளர்த்துப் பார்க்கும் பரிசோதனை, வேண்டுமா என்று கேளுங்கள். மூன்று மாதத்துக்குள் இருக்கும் குழந்தையை நேரே ஆஸ்பத்திரிக்குக் கொண்டுபோங்கள். கீழே உள்ளது அவர்களுக்கு அல்ல.

1. லேபில் கிருமி நீக்கிய டப்பா வாங்குங்கள். கொதிக்க வைத்த ஜாம் பாட்டில் ஆகாது.

2. குழந்தையின் பிறப்புறுப்பைச் சோப்புப் போட்டுக் கழுவி, நுரை போக அலசுங்கள். கிருமிநாசினி வேண்டாம், மாதிரியில் கலந்தால் கிருமி வளராமல் போகலாம். ஆண் குழந்தைக்கு முன்தோலை இழுக்காதீர்கள்.

3. சிக்கல் இங்கேதான். பால் கொடுத்து 20, 25 நிமிடம் கழித்து டயப்பரைக் கழற்றி, குளிர்ந்த சலைனில் (மருந்துக் கடை உப்புநீரில்) நனைத்த காஸ் துணியால் அடிவயிற்றின் நடுவில், பிறப்புறுப்புக்கு மேலே தட்டுப்படும் எலும்புக்குச் சற்று மேலே, வட்டமாகத் தேயுங்கள். ஐந்து நிமிடம் வரை பாருங்கள். ஒருவர் தேய்க்க, இன்னொருவர் மூடி திறந்த டப்பாவோடு தயாராக இருக்க வேண்டும். ஒற்றை ஆளாகச் செய்தால் பாதி தரையில் போகும். முதலில் வருவதை விட்டுவிட்டு நடுவில் வருவதைப் பிடியுங்கள். விளிம்பு தோலில் படக் கூடாது.

தோலில் ஒட்டிச் சிறுநீர் பிடிக்கிற பிளாஸ்டிக் பையை நான் பரிந்துரைக்க மாட்டேன். தோலிலும் மலத்திலும் இருக்கும் கிருமி அதில் சேர்ந்துவிடும்; அதில் 'பாசிட்டிவ்' வந்தால் நம்ப முடியாது. பிடிக்கவே முடியாவிட்டால் டாக்டர் மெல்லிய குழாய் விட்டு எடுப்பார். பார்க்கத்தான் பாவமாக இருக்கும், ரிசல்ட் நம்பகமானது.

4. ஒரு மணி நேரத்துக்குள் லேப். தாமதமானால் ஃப்ரிட்ஜில் வையுங்கள், ஃப்ரீசரில் அல்ல. வெளியே கிடந்தால் கிருமி பெருகிப் பொய்யான ரிசல்ட் காட்டும்.

5. சிறுநீரில் நனைத்து உடனே பார்க்கும் ஸ்டிரிப்பில் நைட்ரைட் (சில கிருமிகள் உண்டாக்கும் ரசாயனம்) 'நெகட்டிவ்' என்றால் நிம்மதி அடைய வேண்டாம். அது உருவாக, சிறுநீர் உடலுக்குள் சிறுநீர்ப்பையில் சில மணி நேரம் தங்க வேண்டும். குழந்தை அடிக்கடி போய்விடும். கல்ச்சர் ரிப்போர்ட் வர இரண்டு நாள் ஆகும், பெரும்பாலும் குடலில் இருக்கும் ஈ.கோலை என்ற கிருமிதான் வரும். மூன்று நான்கு வகைக் கிருமி கலந்து வந்தால் மாதிரி கெட்டிருக்கிறது, திரும்ப எடுங்கள்.

6. முதல் டோஸ் ஆன்டிபயாட்டிக்குக்கு முன்பே மாதிரி எடுத்தாக வேண்டும். வீட்டில் மிச்சமிருக்கும் சிரப்பை 'சும்மா' ஒரு வேளை கொடுத்தாலே கல்ச்சர் குழம்பிவிடும். மருந்தின் அளவு எடையைப் பொறுத்தது. பெரும்பாலும் 7 முதல் 10 நாள். காய்ச்சல் இரண்டாம் நாளே இறங்கினாலும் டாக்டர் சொன்ன நாள்வரை கொடுங்கள். 48 மணி நேரத்துக்குப் பிறகும் இறங்காவிட்டால் திரும்பப் போங்கள்; மருந்தை மாற்றவோ ஸ்கேன் பார்க்கவோ வேண்டியிருக்கும்.

பின்சேர்ப்பு: தொற்று திரும்பத் திரும்ப வந்தால் மலச்சிக்கலையும் கவனியுங்கள். இறுகிய மலம் சிறுநீர்ப்பையை அழுத்தி, சிறுநீர் முழுதாக வெளியேற விடாது.