வீட்டு நீச்சல் குளம்: அளக்காமல் ஒரு கரண்டி மருந்துகூடப் போடாதீர்கள்

தண்ணீர் கண்ணாடி மாதிரித் தெரிந்தால் குளம் சுத்தமாக இருக்கிறது என்று நினைத்துவிடுகிறோம். நானும் இரண்டு வருடம் அப்படித்தான் நினைத்திருந்தேன். கிணத்துக்கடவு பக்கம் எங்கள் வீட்டில் இருப்பது 8 மீட்டர் நீளம், 4 மீட்டர் அகலம் உள்ள சின்னக் குளம். வாரம் ஒருமுறை ஒருவர் வந்து அடியைக் கூட்டிவிட்டு, மிதவையில் குளோரின் மாத்திரை போட்டுவிட்டுப் போவார். கேட்டால், "தண்ணி கண்ணாடியாட்டம் இருக்குதுங்க, பயப்படாதீங்க" என்பார். ஒரு ஏப்ரல் விடுமுறைக்குத் தங்கை பிள்ளைகள் வந்து இரண்டு நாள் ஆசை தீர நீந்தினார்கள். மூன்றாம் நாள் காலையில் இருவருக்கும் கண் செவசெவ என்று சிவந்துபோய் எரிச்சலில் கசக்கிக்கொண்டே இருந்தார்கள். அதே வாரத்தில் படிக்கட்டு மூலையில் விரல் வைத்தால் வழுக்குகிற அளவுக்குப் பச்சைப் பாசி. குளோரின் நிறையப் போட்டும் பாசி எப்படி வரும்? அந்தக் கேள்விக்குப் பதில் தேடித்தான் டெஸ்ட் கிட் வாங்கினேன். அதற்குப் பிறகு நான் கற்றுக்கொண்டதை, புதிதாகக் குளம் கட்டியவர்களுக்கு உதவட்டும் என்று எழுதுகிறேன்.

முதலில் உங்கள் குளம் எத்தனை லிட்டர் என்று தெரிய வேண்டும். இது தெரியாமல் மருந்து போடுவது, எத்தனை பேருக்குச் சமைக்கிறோம் என்று தெரியாமல் உலையில் உப்புப் போடுவது போலத்தான். நீளம், அகலம், சராசரி ஆழம் மூன்றையும் மீட்டரில் பெருக்குங்கள். எங்கள் குளம் ஒரு பக்கம் 1 மீட்டர், மறுபக்கம் 1.5 மீட்டர் ஆழம், சராசரி 1.25. ஆக 8 × 4 × 1.25 = 40 கன மீட்டர், அதாவது 40,000 லிட்டர். ஒரு பிபிஎம் என்றால் ஆயிரம் லிட்டருக்கு 1 கிராம். ஆகவே எங்கள் குளத்தில் எதையும் 1 பிபிஎம் ஏற்ற வேண்டுமென்றால் சுத்தமான பொருளில் 40 கிராம் வேண்டும். இந்த ஒரு கணக்கைப் பிடித்துக்கொண்டால் மற்றதெல்லாம் எளிது. உங்கள் குளத்தின் லிட்டரை மோட்டார் ரூம் சுவரில் பெயின்ட்டால் எழுதியே வைத்துவிடுங்கள்.

அடுத்து டெஸ்ட் கிட். கடையில் மலிவாகக் கிடைக்கும் இரண்டு குப்பிக் கிட் ஒன்று உண்டு, மஞ்சள் நிறம் காட்டும். அது மொத்தக் குளோரினைத்தான் காட்டும். அதில் எவ்வளவு வேலை செய்யும் குளோரின், எவ்வளவு ஏற்கெனவே வியர்வை, சிறுநீரோடு சேர்ந்து கெட்டுப்போன குளோரின் என்று பிரித்துச் சொல்லாது. இளஞ்சிவப்பு நிறம் காட்டும் டிபிடி கிட் வாங்குங்கள், கூடவே ஆல்கலினிட்டி, ஹார்ட்னஸ் (தண்ணீரின் கடினத்தன்மை), ஸ்டெபிலைசர் (வெயிலில் குளோரின் போய்விடாமல் காக்கும் பொருள்) மூன்றையும் அளக்கும் மருந்துகளும் இருக்கட்டும். காகிதப் பட்டை வேகமாகப் பார்க்க உதவும், ஆனால் ஈரக் கையோடு டப்பாவைத் திறந்து திறந்து மூடினால் சீக்கிரம் கெட்டுவிடும். சொட்டு மருந்துகளை வெயில் படாத இடத்தில் வைத்து, வருடம் ஒருமுறை புதிதாக மாற்றிவிடுங்கள்.

தண்ணீர் எடுப்பதிலும் ஒரு முறை இருக்கிறது. மேலாக மொண்டு எடுக்கக் கூடாது. குப்பியைக் கவிழ்த்துப் பிடித்து, முழங்கை நனையும் ஆழத்துக்குக் கொண்டுபோய் அங்கே நிமிர்த்தி நிரப்புங்கள். மோட்டாரிலிருந்து தண்ணீர் திரும்பி வரும் வாய்க்குப் பக்கத்தில் எடுக்காதீர்கள். மருந்து போட்ட உடனேயும் எடுக்காதீர்கள். நிறத்தைப் பார்க்கும்போது கூலிங் கிளாஸைக் கழற்றிவிட்டு, வெள்ளைச் சுவரையோ வெள்ளைத் தாளையோ பின்னால் வைத்துக் கண் மட்டத்தில் பாருங்கள். ஒரு எச்சரிக்கை: குளோரின் மிக அதிகமாக இருந்தால் டிபிடி நிறம் இளஞ்சிவப்பாக வந்து நொடியில் வெளுத்து, ஒன்றுமே இல்லாதது போலக் காட்டும். அதைப் பார்த்து இன்னும் குளோரின் கொட்டியவர்கள் உண்டு. சந்தேகம் வந்தால், குளத்துத் தண்ணீரில் ஒரு பங்குக்கு ஒரு பங்கு குளோரின் இல்லாத குடிதண்ணீர் கலந்து அளந்து, விடையை இரண்டால் பெருக்குங்கள்.

சரி, எதை முதலில் அளந்து சரிசெய்வது? ஆல்கலினிட்டி, அப்புறம் பிஎச் (தண்ணீர் அமிலமா காரமா என்று காட்டும் எண்), கடைசியில் குளோரின். இந்த வரிசையை மாற்றினால் செய்த வேலையையே மறுபடி செய்ய வேண்டியிருக்கும்.

ஆல்கலினிட்டி என்பது பிஎச் ஆடாமல் பிடித்து வைக்கும் தன்மை. 80 முதல் 120 பிபிஎம் வரை இருக்கலாம். சோதனை எளிது: 25 மில்லி தண்ணீரில் நிறம் காட்டும் மருந்தை விட்டால் பச்சையாகும், பிறகு அடுத்த குப்பியிலிருந்து சொட்டுச் சொட்டாக விட்டு ஆட்ட வேண்டும், பச்சை சட்டென்று சிவப்பாக மாறும்போது எத்தனை சொட்டு என்று பார்க்க வேண்டும். எங்கள் கிட்டில் ஒரு சொட்டு 10 பிபிஎம். முதல் நாள் நான் எண்ணிக்கொண்டே போனேன், பத்து, இருபது, இருபத்தைந்து, இன்னும் பச்சை; முப்பதாவது சொட்டில்தான் சிவந்தது. 300 பிபிஎம். போர்வெல் தண்ணீர் நிரப்பும் பலருக்கு இப்படித்தான் இருக்கும். இதனால் பிஎச் தானாகவே ஏறிக்கொண்டே இருக்கும், எத்தனை ஆசிட் விட்டாலும் இரண்டு நாளில் மறுபடி 8 வந்து நிற்கும்.

மாறாக ஆல்கலினிட்டி குறைவாக இருந்தால் நம் சமையலறை ஆப்ப சோடா போதும். 40,000 லிட்டரில் 10 பிபிஎம் ஏற்ற சுமார் 680 கிராம். அதிகமாக இருந்தால் ஹைட்ரோகுளோரிக் ஆசிட்தான் வழி. 33 சதவீத ஆசிட்டில் சுமார் 760 மில்லி விட்டால் எங்கள் குளத்தில் 10 பிபிஎம் இறங்கும். 300லிருந்து 100க்கு வர 15 லிட்டர்! ஒரே நாளில் ஊற்றினால் பிஎச் தரைமட்டத்துக்குப் போய் டைல்ஸ் இடுக்கில் உள்ள சிமென்ட்டைத் தின்றுவிடும். நான் நாளுக்கு 1 லிட்டர் வீதம், ஒவ்வொரு நாளும் பிஎச் பார்த்துப் பார்த்து, இரண்டு வாரத்துக்கு மேல் எடுத்துக்கொண்டேன்.

ஆசிட்டைப் பற்றி இங்கேயே சொல்லிவிடுகிறேன், ஏனென்றால் இதில் தவறு நடந்தால் கண் போய்விடும். ரப்பர் கையுறை, கண்ணாடி இரண்டும் கட்டாயம். பிளாஸ்டிக் பக்கெட்டில் முக்கால் வாளி குளத்துத் தண்ணீரை எடுத்துக்கொண்டு, அதில் ஆசிட்டை மெல்ல ஊற்றுங்கள். தண்ணீரில்தான் ஆசிட், ஒருநாளும் ஆசிட்டில் தண்ணீர் ஊற்றக் கூடாது. காற்று உங்கள் முதுகுப் பக்கம் வீசுகிற மாதிரி நின்றுகொண்டு, மோட்டார் ஓடும்போது ஆழமான பக்கத்தில் சுற்றிலும் பரவலாக ஊற்றுங்கள். ஆசிட்டையும் குளோரினையும் ஒரே பக்கெட்டில் கலக்கவே கூடாது, விஷவாயு வரும். அதே போல மாத்திரைக் குளோரினும் பவுடர் குளோரினும் ஒன்றோடொன்று சேர்ந்தால் தீப்பிடிக்கும். ஒரே கரண்டியை இரண்டுக்கும் பயன்படுத்தாதீர்கள், இரண்டையும் ஒரே அலமாரியில் வைக்காதீர்கள். பாத்ரூம் கழுவ விற்கிற நிறம் கலந்த ஆசிட்டும் வேண்டாம்.

பிஎச் 7.2 முதல் 7.8 வரை இருக்கலாம், என் விருப்பம் 7.4. காரணம், குளோரினின் கொல்லும் சக்தி பிஎச்சைப் பொறுத்தது. பிஎச் 7.5ல் குளோரினில் பாதி வீரியமான வடிவில் இருக்கும். 8க்குப் போனால் கால்வாசிதான். மருந்து அதே அளவு, வேலை பாதி. ஆல்கலினிட்டி 100க்கு வந்துவிட்ட குளத்தில் பிஎச்சை 7.8லிருந்து 7.5க்கு இறக்க எங்களுக்கு 300 மில்லி ஆசிட் போதுமானது. முதல் தடவை 250 மில்லியோடு நிறுத்தி, நான்கு மணி நேரம் மோட்டார் ஓடிய பிறகு மறுபடி அளந்து பாருங்கள். பிஎச் 7.2க்குக் கீழே போய்விட்டால் சலவைச் சோடாவைக் கரைத்து ஊற்றலாம்.

இப்போது என் குளத்தில் நடந்த கதைக்கு வருகிறேன். கடைகளில் விற்கிற 200 கிராம் வெள்ளை மாத்திரை பெரும்பாலும் டிசிசிஏ 90 (ட்ரைக்குளோரோ ஐசோசயனூரிக் ஆசிட்). அதில் குளோரினோடு ஸ்டெபிலைசரும் சேர்ந்தே இருக்கிறது. ஸ்டெபிலைசர் கொஞ்சம் தேவைதான். அது இல்லாவிட்டால் நம் ஊர் வெயிலில் காலையில் போட்ட குளோரின் மதியத்துக்குள் பெரும்பகுதி போய்விடும். 30 முதல் 50 பிபிஎம் இருந்தால் நல்லது. சிக்கல் என்னவென்றால் குளோரின் செலவாகிவிடும், ஸ்டெபிலைசர் தண்ணீரிலேயே தங்கிவிடும், தண்ணீர் ஆவியானாலும் போகாது. 40,000 லிட்டரில் ஒரு கிலோ டிசிசிஏ, அதாவது ஐந்து மாத்திரை, ஸ்டெபிலைசரைச் சுமார் 14 பிபிஎம் ஏற்றும். கோடையில் நாளுக்கு 2 பிபிஎம் குளோரின் செலவாகிறது என்று வைத்தால் மாதம் இரண்டரைக் கிலோவுக்கு மேல் மாத்திரை, அதனால் 37 பிபிஎம் ஏற்றம். மூன்றே மாதத்தில் 100 தாண்டும். ஸ்டெபிலைசர் ஏற ஏற அது குளோரினைக் கட்டிப் பிடித்துக்கொள்ளும். ஸ்டெபிலைசர் அளவில் சுமார் ஏழரை சதவீதமாவது குளோரின் இருந்தால்தான் பாசி அடங்கும். 100 இருந்தால் 7.5 பிபிஎம் குளோரின் வேண்டும். எங்கள் குளத்தில் குளோரின் 3 காட்டியது, அதுவும் போதாமல் பாசி வந்தது.

ஸ்டெபிலைசரை அளப்பது பார்க்க வேண்டிய சோதனை. தண்ணீரும் மருந்தும் சம அளவு கலந்தால் பால் மாதிரி வெளுக்கும். அடியில் கறுப்புப் புள்ளி உள்ள குழாயில் அதை மெல்ல ஊற்றிக்கொண்டே மேலிருந்து பார்க்க வேண்டும். புள்ளி மறையும் இடத்தில் உள்ள எண்தான் விடை. எங்கள் குழாயில் 100 என்ற கோடு அடியில் இருந்தது, திரவம் அதைத் தொடும் முன்பே புள்ளி காணாமல் போய்விட்டது. இதைக் குறைக்க வீட்டில் வைத்துச் செய்யக்கூடிய மருந்தில்லா வழி ஒன்றுதான், தண்ணீரை வெளியேற்றிப் புதுத் தண்ணீர் விடுவது. பாதி மாற்றினால் பாதியாகும். ஆனால் மழைக்காலத்தில் குளத்தை முழுக்கக் காலி செய்துவிடாதீர்கள். நிலத்தடி நீர் மேலே இருந்தால் கீழிருந்து தள்ளித் தரையை விரிசல்விடச் செய்யும்.

இப்போது நான் தினசரிக்கு ஹைப்போகுளோரைட் பவுடரை, 65 சதவீதம் உள்ளதை, பயன்படுத்துகிறேன். எங்கள் குளத்துக்கு 1 பிபிஎம் ஏற்ற 62 கிராம். பக்கெட் தண்ணீரில் பவுடரைத் தூவிக் கலக்கி, அடியில் வெள்ளை மண்டி தங்கிய பிறகு தெளிவை மட்டும் ஊற்றுகிறேன். பவுடர் மேல் தண்ணீர் ஊற்றுவது ஆபத்து. நேரம், சூரியன் மறைந்த பிறகு. ஊருக்குப் போகும் ஒரு வாரத்துக்கு மட்டும் மாத்திரை. ரோட்டில் தூவும் பிளீச்சிங் பவுடரைக் குளத்தில் கொட்டாதீர்கள், அதிலுள்ள சுண்ணாம்பு தண்ணீரைக் கலங்கடித்து ஹார்ட்னஸையும் ஏற்றும்.

பிள்ளைகள் கண் சிவந்ததற்குக் குளோரின் அதிகம் என்று பலரும் சொன்னார்கள். உண்மையில் கெட்டுப்போன குளோரின்தான் அந்தக் கார நெடிக்கும் எரிச்சலுக்கும் முக்கியக் காரணம், பிஎச் தாறுமாறாக இருப்பதும் சேர்ந்துகொள்ளும். டிபிடி கிட்டில் மொத்தக் குளோரினில் வேலை செய்யும் குளோரினைக் கழித்தால் அது வரும். 0.5 பிபிஎம் தாண்டினால் ஷாக் கொடுக்க வேண்டும், அதாவது அதைப் போல் பத்து மடங்கு குளோரின். 0.8 இருந்தால் 8 பிபிஎம், எங்களுக்குப் பவுடர் அரைக் கிலோ. இரவில் போட்டு மோட்டாரை ஓட விட்டு, குளோரின் 3க்கு இறங்கும்வரை யாரையும் இறக்காதீர்கள்.

ஹார்ட்னஸ் 200 முதல் 400 வரை சரி. போர்வெல்காரர்களுக்கு இது தீராத பிரச்சினை: நாளுக்கு அரை சென்டிமீட்டர் ஆவியானால் எங்கள் குளத்தில் 160 லிட்டர், அதற்கு ஈடாக 600 பிபிஎம் போர் தண்ணீர் விட்டால் மாதம் 70 பிபிஎம் கூடும். டைல்ஸில் வெள்ளைக் கோடு படிவது இதனால்தான். பிஎச்சை 7.4க்கு மேல் விடாமல், ஆவியான இடத்தை நிரப்ப முடிந்தால் மழைத்தொட்டித் தண்ணீர் விடுங்கள். சிறுவாணி மாதிரி மென்மையான தண்ணீர் கிடைக்கிறவர்கள் மகிழ்ச்சியில் முழுக்க அதையே நிரப்பிவிடாதீர்கள். கால்சியம் குறைவான தண்ணீர் அதை டைல்ஸ் இடுக்குச் சிமென்ட்டிலிருந்து கரைத்து எடுத்துக்கொள்ளும். இரும்புச் சத்துள்ள போர் தண்ணீரானால், குளோரின் பட்டதும் டீ நிறத்துக்கு மாறும். பயப்பட வேண்டாம், ஃபில்டர் பிடித்துவிடும்.

ஃபில்டரைக் கழுவியவுடன் அதன் அழுத்தக் கடிகாரத்தை ஒருமுறை பார்த்துக் குறித்துக்கொள்ளுங்கள். அழுத்தம் அதைவிட 8 முதல் 10 பிஎஸ்ஐ (கடிகாரத்தில் உள்ள அழுத்த அளவு) கூடினால் பேக்வாஷ், அதாவது தண்ணீரைத் தலைகீழாக ஓட விட்டு ஃபில்டரைக் கழுவுவது. கைப்பிடியைத் திருப்பும் முன் மோட்டாரை நிறுத்துங்கள், இல்லாவிட்டால் உள்ளே இருக்கும் கேஸ்கெட் பிய்ந்துவிடும். பேக்வாஷ் முடிந்ததும் ரின்ஸ் ஒரு நிமிடம். மோட்டார் தினமும் 6 முதல் 8 மணி நேரம்.

இப்போதெல்லாம் குளோரினும் பிஎச்சும் ஒருநாள் விட்டு ஒருநாள், கோடையில் தினமும் சாயங்காலம் பார்க்கிறேன். ஆல்கலினிட்டி வாரம் ஒருமுறை, ஹார்ட்னஸும் ஸ்டெபிலைசரும் மாதம் ஒருமுறை. ஐப்பசியில் பெருமழை கொட்டினால் மறுநாளே எல்லாவற்றையும் மறுபடி அளக்க வேண்டும், மழைத் தண்ணீர் எல்லா எண்ணையும் இறக்கிவிட்டிருக்கும். எண்களைத் தேதியோடு நோட்டில் எழுதுகிறேன். போன வாரம் தங்கையின் மூத்த மகள் வந்து கிட்டை எடுத்து, தானே குப்பியை ஆழத்தில் நிமிர்த்தி நிரப்பி, சொட்டு எண்ணிப் பார்த்து, "பத்துதான் வந்துது மாமா, இறங்கட்டுங்களா?" என்றாள். ஆல்கலினிட்டி 100. பிஎச்சும் குளோரினும் பார்த்த பிறகு இறங்கச் சொன்னேன்.