அரசுப் பள்ளியில் யூதப் பண்பாட்டு மன்றம் தொடங்குவது எப்படி?

மன்னார்குடி, திருத்துறைப்பூண்டிப் பக்கத்து அரசு மேல்நிலைப் பள்ளி ஒன்றில் இப்படியொரு மன்றம் வேண்டும் என்று மாணவர்கள் கேட்டால், "இது மதப் பிரச்சாரமா?" என்றுதான் தலைமை ஆசிரியர் முதலில் கேட்பார். அதற்கான பதிலை எழுத்தில் கொண்டு செல்ல வேண்டும். முழுவதும் அரசு நிதியில் நடக்கும் கல்வி நிறுவனத்தில் சமய போதனை கூடாது என்கிறது அரசமைப்புச் சட்டத்தின் 28ஆவது பிரிவு. ஆகவே வழிபாடு இடம்பெறாது என்பதையும், வரலாறு, மொழி, கைவினை ஆகியவையே நிகழ்ச்சி என்பதையும் விண்ணப்பத்தில் தெளிவாக்கி, இலக்கிய மன்றம் கூடும் நேரத்தையே கேட்பது நல்லது. அமெரிக்க அரசுப் பள்ளிகளில் 1984ஆம் ஆண்டின் சம அணுகல் சட்டத்தின்கீழ் இத்தகைய மன்றங்களை மாணவர்களே தொடங்கி நடத்துகிறார்கள். ஆசிரியர் மேற்பார்வைக்கு மட்டுமே. இங்கும் செயலர் பொறுப்பை மாணவரிடமே விட வேண்டும்.

முதல் கூட்டத்துக்குக் கொச்சி யூதர் செப்பேடு பொருத்தமானது. ஏறத்தாழ கி.பி. 1000இல் சேர மன்னன் பாஸ்கர ரவிவர்மன் யூத வணிகத் தலைவர் யோசேப்பு ரப்பானுக்கு 72 உரிமைகளை வழங்கியதை வட்டெழுத்தில் பொறித்த ஏடு அது. வணிகக் குழுவைக் குறிக்கும் 'அஞ்சுவண்ணம்' என்ற சொல்லை அதில் காணும் பிள்ளைகளுக்குப் பொருள் அந்நியமாகத் தோன்றாது.

அடுத்தது சுக்கோத் என்னும் யூதப் பண்டிகைக்கான பந்தல். எகிப்திலிருந்து வெளியேறிய முன்னோர் பாலைவனத்தில் குடில்களில் தங்கியதன் நினைவாக யூதர்கள் ஏழு நாள் பந்தலில் உண்பார்கள். வெட்டிய இலைதழைகளாலேயே கூரை போட வேண்டும். வெயிலைவிட நிழல் மிகுந்திருக்க வேண்டும். இடைவெளியில் விண்மீன் தெரிவது மரபு. இங்கேதான் நம் பிள்ளைகள் தடுமாறுவார்கள். கீற்று முடைந்து பழகிய கை, ஐப்பசி மழைக்கு ஒழுகாதபடி நெருக்கி வேய்ந்துவிடும். முடையாத பச்சைத் தென்னோலையை மூங்கில் மீது இடைவெளி விட்டுப் பரப்பச் சொல்லி, கீழே படுத்து அண்ணாந்து பார்க்கச் சொல்ல வேண்டும். பண்டிகை பெரும்பாலும் புரட்டாசிப் பௌர்ணமியில் தொடங்குவதால் காலாண்டுத் தேர்வோடு மோதலாம். விடுமுறைக்குப் பின் கட்டினாலும் தவறில்லை, நாம் விழா எடுக்கவில்லையே.

யூத உணவு நெறியில் பாலும் இறைச்சியும் சேராது. ஆகவே தின்பண்டமாக, இரண்டும் இல்லாத சுண்டல் போதும். யூதரைப் போல வேடம் கட்டுவதை அனுமதிக்கக் கூடாது. இஸ்ரேல் அரசியல் பற்றிய கேள்வி வந்தால் அதைச் சமூக அறிவியல் வகுப்புக்கு ஒதுக்கி, கேட்ட கேள்வியைக் குறிப்பேட்டில் பதிந்து தலைமை ஆசிரியரின் கையொப்பம் பெறலாம்.