பழைய கையும் புதிய புகையும்: கவுண்டர்-ஸ்ட்ரைக் 2-க்கு மாறுவது எப்படி?

ஐவர் கொண்ட இரண்டு அணிகள் மோதும் துப்பாக்கிச் சண்டைக் கணினி விளையாட்டான கவுண்டர்-ஸ்ட்ரைக்: குளோபல் ஒஃபென்சிவ் 2012 ஆகஸ்டில் வெளிவந்தது. வால்வ் நிறுவனம் 2023 செப்டம்பர் 27 அன்று, அதே இடத்தில் கவுண்டர்-ஸ்ட்ரைக் 2-ஐ இலவசமாக வைத்தது. துப்பாக்கிகள் பழையவை, டஸ்ட் 2, மிராஜ் போன்ற மேப்களின் (ஆடுகளங்களின்) சந்துபொந்துகளும் ஏறத்தாழ அப்படியே இருக்கின்றன. ஆகவே, முதல் நாள் ஆடுபவருக்கு வெளிச்சம் மட்டும்தான் கூடியிருக்கிறது என்று தோன்றும். அந்த எண்ணத்தோடு ஆடினால் முதல் வாரம் முழுவதும் தோற்க நேரிடும். நான் அப்படித்தான் தோற்றேன்.

ஆட்டத்தில் இறங்குமுன் இரண்டு வேலைகளை முடித்துவிடுங்கள். கிராஃபிக்ஸ் அமைப்பில் ஃப்ரேம் எண்ணிக்கைக்காக (நொடிக்குத் திரையில் ஓடும் படங்களுக்காக) எல்லாவற்றையும் குறைத்தாலும், நிழலின் தரத்தை மட்டும் முற்றிலும் குறைத்துவிடாதீர்கள். பல மூலைகளில் எதிரி வருமுன் அவருடைய நிழல் தரையில் விழுந்து அவரைக் காட்டிக்கொடுத்துவிடும். அடுத்து, ஆயுதப் பட்டியலை நீங்களே தேர்ந்தெடுங்கள். கைத்துப்பாக்கி, நடுத்தர ஆயுதம், ரைஃபிள் என ஒவ்வொரு வகையிலும் ஐந்து, ஆக மொத்தம் 15 ஆயுதங்களை முன்கூட்டியே எடுத்து வைத்துக்கொள்ள வேண்டும். முன்பு எம்4ஏ4, எம்4ஏ1-எஸ் ஆகிய ரைஃபிள்களில் ஒன்றைத்தான் வைத்திருக்க முடியும்; இப்போது இரண்டுக்கும் இடமுண்டு. தவறாக வாங்கிய பொருளைப் பயன்படுத்தாமல் வைத்திருந்தால், வாங்கும் நேரம் முடியுமுன் திருப்பிக் கொடுத்துப் பணத்தை மீட்கலாம்.

இனிப் புகைக்குண்டைப் பார்ப்போம். இந்த இரண்டாம் பாகத்தில் உண்மையிலேயே புதிதாகக் கற்க வேண்டியது இதுதான் என்பது என் கருத்து. பழைய ஆட்டத்தில் புகை என்பது எந்தத் தோட்டாவாலும் கலையாத சுவர். இப்போதோ அது இடத்தை நிரப்பும் பொருளாகிவிட்டது: குறுகிய வழியில் விழுந்தால் நீளமாக ஓடும், கதவிடுக்கு வழியாக அடுத்த அறைக்குள் கசியும், படிக்கட்டில் வழிந்து இறங்கும். தோட்டாக்கள் அதில் துளையிடும். அத்துளை உடனே மூடிக்கொள்ளும். கையெறி வெடிகுண்டை வீசினால் புகை விலகி, சில நொடிகள் அந்தப் பக்கம் தெளிவாகத் தெரிந்து, பிறகு மறுபடியும் சூழ்ந்துகொள்ளும்.

இதன் பொருளை மிராஜில் காணலாம். நடுப்பகுதியைக் காத்து நிற்கும் ஜன்னலைத் தாக்கும் அணி புகையால் மூடுவது வழக்கம். முன்பு அந்தப் புகை அடங்கும்வரை ஜன்னலில் ஸ்னைப்பரோடு நிற்பவர் பார்வையற்றவராகவே இருப்பார். இப்போது அவருடைய தோழர் ஒருவர் ஆட்டப் பணத்தில் 300 டாலர் விலையுள்ள வெடிகுண்டைப் புகைக்குள் எறிந்தால், நடுப்பகுதியில் நம்பிக்கையோடு நடந்துவரும் மூவரும் வெட்டவெளியில் அகப்பட்டுக்கொள்வார்கள். ஆகவே, தாக்குபவர்கள் புகை விழுந்த உடனே கடந்துவிட வேண்டும்; காப்பவர்கள் வெடிகுண்டைத் தொடக்கத்திலேயே வீணாக்காமல், புகை விழும்வரை கையில் வைத்திருக்க வேண்டும். நானும் ஒருமுறை, தாக்கும் அணி வைத்த சி4 குண்டைச் செயலிழக்கச் செய்யப் புகைக்குள் மறைந்து உட்கார்ந்தேன். அதற்கான கருவி இல்லாததால் பத்து நொடி தேவைப்பட்டது. பாதிக்கு மேல் கடந்த பிறகு ஒரு வெடி, என் முன்னால் இருந்த திரை காணாமல் போயிற்று, எதிரே ஏகே-47. 400 டாலர் கருவி இருந்திருந்தால் ஐந்தே நொடியில் வேலை முடிந்திருக்கும்.

இதைப் பழக, தனி மேப் ஒன்றைத் திறந்து, ஒரே இடத்தில் புகையை எறிந்து அது எங்கெல்லாம் பரவுகிறது என்று சுற்றிவந்து பாருங்கள். பிறகு வெவ்வேறு கோணங்களிலிருந்து வெடிகுண்டை எறிந்து, எந்தக் கோணத்தில் எந்தப் பக்கம் திறக்கிறது என்பதை மனத்தில் பதித்துக்கொள்ளுங்கள். குறி பார்த்துச் சுடும் பயிற்சியைவிட இதில் செலவிடும் அரை மணி நேரம் விரைவில் பலன் தரும்.

பணக்கணக்கும் மாறியிருக்கிறது. முன்பு ஒரு பாதிக்கு 15 சுற்றுகள், 16 வென்றால் வெற்றி. இப்போது பாதிக்கு 12, வெற்றிக்கு 13. சுற்றுகள் குறைந்ததால் 800 டாலரோடு தொடங்கும் முதல் சுற்றின் எடை கூடிவிட்டது. அதில் தோற்று, அடுத்த சுற்றில் அரைகுறையாகச் செலவழித்து மீண்டும் தோற்றால், பாதியில் ஆறில் ஒரு பங்கு கையைவிட்டுப் போயிருக்கும். 4750 டாலர் ஸ்னைப்பர் துப்பாக்கியான ஏடபிள்யூபி மீது ஆசையுள்ளவர்கள் அதை வாங்குமுன் அணியின் மற்ற நால்வரிடம் எவ்வளவு இருக்கிறது என்று பாருங்கள்.

சப்-டிக் முறையைப் பற்றி நிறைய வாதம் நடந்திருக்கிறது. நீங்கள் சுட்ட கணத்தை, சர்வர் ஆட்டத்தைக் கணக்கிடும் அடுத்த துடிப்பு (டிக்) வரை காத்திராமல், அந்தக் கணத்தின் பெயரிலேயே பதிவுசெய்வதுதான் அது. சுவருக்குப் பின்னால் மறைந்த பிறகும் சாகிறீர்கள் என்றால், முதலில் இணைய இணைப்பின் பிங்கை (சர்வருக்குத் தகவல் போய்வரும் நேரத்தை) கவனியுங்கள். முறையைக் குறைசொல்வது அதற்குப் பிறகு இருக்கட்டும்.

ஆயுதத்தை இடக்கையில் பிடிக்கும் வசதி வெளியீட்டின்போது இல்லை; 2024 ஏப்ரலில்தான் வந்தது. ஆட்டத்தின் நடுவிலேயே கை மாற்றலாம் என்பதால், மூலையில் எட்டிப் பார்க்கும்போது துப்பாக்கி உங்கள் பார்வையை மறைக்காத பக்கத்தைத் தேர்ந்துகொள்ளுங்கள்.

ஒட்டுமொத்தமாக ஒரே மதிப்பெண் தரும் பிரீமியர் போட்டி முறையில் அந்த மதிப்பெண் தெரியப் பத்து ஆட்டங்கள் வெல்ல வேண்டும். அந்தப் பத்தை முதல் வாரத்திலேயே தொடங்காதீர்கள். சாதாரண போட்டி முறையில் ஒவ்வொரு மேப்புக்கும் தனித்தனித் தரவரிசை என்பதால், மிராஜில் மட்டும் இருபது ஆட்டம் ஆடுங்கள். ஜன்னல் புகை விழும் நொடியில் உங்கள் கை தானாகவே வெடிகுண்டை எடுக்கத் தொடங்கிய பிறகு பிரீமியருக்குப் போகலாம்.