சத்தம் கம்மியா, தலை வலிக்காத ஹெல்மெட் எடுக்கிறது எப்படி

முதல்ல சைஸ். புருவத்துக்கு மேல ஒரு இஞ்ச் விட்டு டேப்பை தலையை சுத்தி அளந்துக்கோங்க, 57-58 செ.மீ. வந்தா நிறைய பிராண்ட்ல மீடியம்தான், ஆனா அதை மட்டும் நம்பி ஆன்லைன்ல ஆர்டர் போடாதீங்க, ஏன்னா ஒருத்தருக்கு உருண்டை தலை இருக்கும், இன்னொருத்தருக்கு நீளமா இருக்கும். கடையில போட்டு ஒரு பத்து பதினஞ்சு நிமிஷம் அப்படியே நில்லுங்க. நெத்தியில ஒரே இடத்துல அழுத்தினா அந்த மாடல் வேண்டவே வேண்டாம். கன்னம் டைட்டா இருந்தா பரவால்ல, உள்ள இருக்கிற பஞ்சு பேட் போகப்போக அமுங்கிடும்.

சத்தம் பெரும்பாலும் கழுத்துப் பக்கம் கீழ இருந்துதான் வரும், அதனால அடியில நல்லா மூடுற ஃபுல் ஃபேஸ் (தாடை வரைக்கும் மூடுற ஹெல்மெட்) எடுங்க, வைசர் (முன்னாடி கண்ணாடி) ரப்பர்ல இடைவெளி இல்லாம ஒட்டி உட்காரணும், மேல நீட்டிக்கிட்டு இருக்கிற பீக், ஸ்பாய்லர் எல்லாம் தவிர்த்திடுங்க. ஃபிளிப் அப் (தாடைப் பகுதியை மேல தூக்கிக்கிற மாடல்) வசதிதான், ஆனா பொதுவா கொஞ்சம் இரைச்சல் கூட. ஹைவேல 80க்கு மேல போறவங்க எந்த ஹெல்மெட்டா இருந்தாலும் ஃபோம் இயர்ப்ளக் போடுங்க, ஹாரன் அப்பவும் கேக்கும். ஐஎஸ்ஐ முத்திரை, ஐஎஸ் 4151 (ஹெல்மெட்டுக்கான இந்தியத் தர எண்) இருக்கான்னு பாக்காம காசு குடுக்காதீங்க ப்ளீஸ்.