ஒண்டாரியோவில் மறுபடி படிக்கப் போகிறீர்களா? முதலில் இனிஷியலைப் பாருங்கள்

மதுரைப் பக்கத்திலிருந்து கனடாவின் ஒண்டாரியோ மாகாணத்துக்கு வருகிற பெண்கள் வீடு பிடித்து, பிள்ளைகளைப் பள்ளியில் சேர்த்து, மூச்சு விட்டதும் கேட்கிற கேள்வி ஒன்று உண்டு: "மதினி, இங்க நான் திரும்பப் படிக்க முடியுமா?" தாராளமாக முடியும். "பேரன் எடுக்கிற வயசுல படிப்பாம்" என்று சொல்கிற வாய் டொராண்டோவின் ஸ்கார்பரோவிலும் இருக்கிறது. கண்டுகொள்ளாதீர்கள். புதுக்கோட்டையில் அறிவொளி எழுத்தறிவு இயக்கம் நடந்த காலத்தில் என் அத்தை கையெழுத்துப் போடவும் சைக்கிள் விடவும் ஒரே வருஷத்தில் பழகியவர். அவரையும் தெருவே சிரித்ததுதான்.

எல்லாரும் சொல்கிற விஷயங்களை வேகமாகச் சொல்லிவிடுகிறேன். பி.ஆர். (நிரந்தர வசிப்புரிமை) இருந்தால், புதிதாக வந்தவர்களுக்கு அரசு நடத்தும் லிங்க் ஆங்கில வகுப்பு இலவசம். முதலில் ஒரு தேர்வு வைத்து, எந்த நிலை என்று பார்த்து வகுப்பில் விடுவார்கள். சில இடங்களில் கைக்குழந்தையையும் பார்த்துக்கொள்வார்கள். சிட்டிசன் ஆகிவிட்டால் லிங்க் கிடையாது, பள்ளி வாரியம் நடத்தும் இ.எஸ்.எல். வகுப்புக்குத்தான் போகவேண்டும். அதனால் "அப்புறம் பார்க்கலாம்" வேண்டாம்.

பள்ளிப் படிப்பைப் பாதியில் விட்டவர்களுக்கு வளர்ந்தோர் உயர்நிலைப் பள்ளி இருக்கிறது. அங்கே பள்ளி முடித்ததற்குக் கொடுக்கிற டிப்ளமோவுக்கு 30 கிரெடிட், அதாவது பாடங்களை முடித்துச் சேர்க்கிற புள்ளிகள். பயந்துவிடாதீர்கள், 18 வயது முடிந்து, பள்ளியை விட்டு ஒரு வருஷமாவது ஆனவர்களுக்குப் பிளார் என்று ஒரு முறை உண்டு. பழைய படிப்பையும் அனுபவத்தையும் கணக்கில் எடுத்து, பெரும்பாலான கிரெடிட்டை அவர்களே கொடுத்துவிடுவார்கள். 11, 12-ஆம் வகுப்புப் பாடங்களில் நான்கையாவது உட்கார்ந்து படிக்கவேண்டும். நம் ஊர் தனித்தேர்வர் மாதிரி பரீட்சை மட்டும் எழுதுகிற வழியும் இருக்கிறது. அது முன்பு ஜி.இ.டி., 2024-லிருந்து சி.ஏ.இ.சி. யாராவது இன்னமும் கனடா ஜி.இ.டி. என்று கைடு விற்றால் வாங்காதீர்கள். 19 வயது ஆகிவிட்டால் கல்லூரிகளில் 'மெச்சூர் ஸ்டூடன்ட்' (வயது வந்த மாணவர்) என்றே விண்ணப்பிக்கலாம். பணத்துக்கு ஒசாப் என்கிற மாகாண அரசின் மாணவர் உதவித் திட்டம்: கொஞ்சம் மானியம், மீதி கடன். மானியம் என்ற சொல்லை மட்டும் காதில் வாங்கி, கடனை மறந்துவிடாதீர்கள்.

இதற்கெல்லாம் முன்னால் ஒரு காகிதச் சிக்கல் இருக்கிறது. அதைப் பற்றி யாரும் வாய் திறப்பதில்லை.

என் தோழி மேலூர்க்காரி. ப்ளஸ் டூவில் நல்ல மார்க். 2003-ல் திருப்பரங்குன்றம் கோயிலில் கல்யாணம். இரண்டு வருஷ குழந்தைக் கல்வி டிப்ளமோ படித்து, டே கேரில் வேலைக்குப் போக ஆசை. மார்க் ஷீட்டில் அப்பா பெயரின் இனிஷியலோடு அவள் பெயர். பாஸ்போர்ட்டில் 'சர்நேம்' கட்டத்தில் கணவர் பெயர். ஊரில் டிராவல்ஸ்காரர் ஒருவர் ஃபாரம் நிரப்பும்போது, "கல்யாணம் ஆயிருச்சுல்ல, அவர் பேரைப் போட்டாத்தான் விசாவுக்கு நல்லது" என்று எழுதிக் கொடுத்திருக்கிறார். அந்த ஒரு கட்டம்தான்!

சான்றிதழை மதிப்பிடுகிற இடத்தில் கேட்டார்கள்: இந்த மார்க் ஷீட் உங்களுடையதுதான் என்பதற்கு என்ன ஆதாரம்? இனிஷியல் என்றால் என்னவென்று விளக்கி அவள் எழுதிய கடிதம் அவர்களுக்கு எடுபடவில்லை. பெயர் மாறியதற்குச் சட்டப்படியான தாள் வேண்டும், கல்யாணச் சான்றிதழ் இருந்தால் போதும் என்றார்கள். அதுதான் இவளிடம் இல்லையே! தமிழ்நாட்டில் எல்லாக் கல்யாணத்தையும் பதிவு செய்யவேண்டும் என்று சட்டம் வந்ததே 2009-ல். அதற்கு முன்னால் யார் பதிந்தார்கள்? மஞ்சள் தடவிய பத்திரிகையும், மை மங்கிய கோயில் ரசீதும், ஒரு ஆல்பமும்தான் மிச்சம். நோட்டரி அஃபிடவிட் அனுப்பிப் பார்த்தாள், திரும்பி வந்தது.

பழைய கல்யாணத்தையும் இந்துத் திருமணச் சட்டத்தில் பதியலாம். ஆனால் சார்பதிவாளர் முன்னால் கணவன், மனைவி இரண்டு பேரும் நேரில் நிற்கவேண்டும். அவள் கணவருக்கு வேர்ஹவுஸில் நைட் ஷிஃப்ட், லீவு கிடைப்பது குதிரைக்கொம்பு. கடைசியில் பிள்ளைகளின் கோடை லீவில் குடும்பத்தோடு டிக்கெட் போட்டார்கள், அதுவும் சீசன் விலையில். கல்லூரியில் அந்த வருஷத்து இடமும் போயிற்று. ஊருக்குப் போனதில் அவளுக்குச் சந்தோஷம்தான், அம்மா கையால் சாப்பிட்டாள். எனக்குத்தான் ஆத்திரம் அடங்கவில்லை.

ஆகவே விமானம் ஏறுவதற்கு முன்னால், மதுரையில் இருக்கும்போதே இதை முடியுங்கள். பாஸ்போர்ட் எடுக்காதவர்கள் சர்நேம் கட்டத்தில் மார்க் ஷீட்டில் உள்ள இனிஷியலின் விரிவை, அதாவது அப்பா பெயரையே போடுங்கள். கல்யாணமானால் பெயரை மாற்றியே ஆகவேண்டும் என்று எந்தச் சட்டமும் சொல்லவில்லை. கணவர் பெயருக்குப் பாஸ்போர்ட்டின் கடைசிப் பக்கத்தில் தனி இடம் இருக்கிறது. ஏற்கெனவே மாற்றிவிட்டவர்கள் கல்யாணத்தைப் பதியுங்கள். கல்யாணம் நடந்த இடம் எந்தச் சார்பதிவாளர் அலுவலக எல்லையோ அங்கே பதியலாம், கணவர் ஊரிலும் பதியலாம். பத்திரிகை, கோயில் ரசீது, வயதுக்கும் முகவரிக்கும் அத்தாட்சி, கூடவே சாட்சிகள். தாளில் உங்கள் பெயர் மார்க் ஷீட்டில் இருக்கிற எழுத்துப்படியே வருகிறதா என்று, கையெழுத்துப் போடுமுன் எழுத்துக்கூட்டிப் படியுங்கள். 'செ' ஒரு இடத்தில் எஸ்.இ., இன்னொரு இடத்தில் சி.ஹெச்.இ. என்று இருந்தால் அதற்கும் இன்னொரு சுற்று அலைச்சல்.

இன்னொன்று, சுபமுகூர்த்த நாளில் பதிவு அலுவலகம் பக்கம் தலைவைக்காதீர்கள். மனை பதிய வருகிற கூட்டத்தில் உங்கள் டோக்கனைக் கூப்பிடுவதற்குள் சாயங்காலம் ஆகிவிடும்.