சைகை மொழிக் காட்சி எடுக்கிறீர்களா? இந்தத் தவறுகளைத் தவிருங்கள்

சினிமாவிலும் சீரியலிலும் காது கேளாத பாத்திரம் வந்தால் சைகை மொழி ஆலோசனைக்கு என்னைக் கூப்பிடுவார்கள். நாங்கள் தொடங்கிய காலத்தில் நடந்த அதே பிழைகளைப் புதுக் குழுக்கள் இன்றும் செய்கின்றன. இழிவான வசனம் கூடாது என்பதெல்லாம் எல்லோருக்கும் தெரிந்ததுதான். அதை விட்டுவிடுகிறேன்.

அமெரிக்கக் கை

யூடியூப்பில் பார்த்து எழுத்துகளைப் பழகிக்கொண்டு வருவார்கள். பெரும்பாலும் அது ஒரே கையால் காட்டும் அமெரிக்க முறை. இந்தியச் சைகை மொழியில் ஆங்கில எழுத்துகளை இரண்டு கைகளால் காட்டுவார்கள். மதுரைப் பெண் தன் பெயரை அமெரிக்கக் கையால் காட்டினால், காது கேளாத பார்வையாளருக்கு அந்த நொடியிலேயே படத்தின் மீதுள்ள நம்பிக்கை போய்விடும். டெல்லியில் உள்ள இந்தியச் சைகை மொழி ஆராய்ச்சி மற்றும் பயிற்சி மையத்தின் அகராதியில் 10,000-க்கும் மேற்பட்ட சொற்கள் இருக்கின்றன. முதலில் அதைப் பாருங்கள். ஆனால் நம் ஊர்க்காரர்கள் அதே பொருளுக்கு வேறு சைகை வைத்திருக்கலாம், அவர்களிடமும் கேளுங்கள்.

கையை வெட்டும் ஃப்ரேம்

எனக்கு இன்றும் ஆறாத கோபம் இதில்தான். வசனம் பிசகினால் டப்பிங்கில் சரிசெய்துவிடலாம். கைக்கு டப்பிங் கிடையாது.

ஒரு குறும்படம். மகள் தன் அப்பாவோடு சண்டை போடுகிறாள். நடித்த பெண் மாதக்கணக்கில் பயிற்சி எடுத்து, அருமையாகச் சைகை செய்தாள். இயக்குநருக்கோ அவள் கண்ணீர்தான் வேண்டும். க்ளோஸ்-அப் வைத்தார், கை ஃப்ரேமுக்கு வெளியே போனது. மிச்சமிருந்த ஷாட்டுகளிலும் அவள் வாக்கியத்தை முடிக்கும் முன்பே அப்பாவின் முகத்துக்கு வெட்டிவிட்டார்கள். படப்பிடிப்பிலேயே சொன்னேன், "சப்டைட்டில் போட்டுக்கலாம்" என்றார்கள். போட்டார்கள், அவள் சைகைக்கு மட்டும். அப்பா வாயால் பேசியதற்குப் போடவில்லை. திரையிடலுக்கு வந்த காது கேளாதவர்களுக்கு அவள் கையும் தெரியவில்லை, அப்பா என்ன சொன்னார் என்பதும் புரியவில்லை. அவர்களைப் பற்றிய படத்தை அவர்களாலேயே பார்க்க முடியவில்லை! அந்தச் சண்டைக் காட்சியைத் திரும்ப எடுக்கப் பணமும் இல்லை, அந்த வீடும் கிடைக்கவில்லை.

தலைக்கு மேல் கொஞ்சம் இடம் விட்டு, இடுப்பு வரை ஃப்ரேம் வையுங்கள். கை விரியும் அளவுக்கு இரண்டு பக்கமும் இடம் விடுங்கள். கட்டம் போட்ட சட்டை வேண்டாம், தோல் நிறத்திலிருந்து பிரிந்து தெரியும் ஒற்றை நிறம் போதும். ஜன்னலுக்கு முன்னால் நிறுத்தி முகத்தை இருட்டாக்காதீர்கள். சைகை மொழியில் புருவமும் தலையசைப்பும் இலக்கணம். ஆம், இல்லை என்று பதில் வரும் கேள்வியைப் புருவத்தை உயர்த்தித்தான் கேட்பார்கள். "சோகமாக இரு" என்று நடிகரின் முகத்தைப் பூட்டினால் வாக்கியமே மாறிவிடும். எடிட்டிங் மேஜையில் சைகை தெரிந்த ஒருவரை உட்கார வையுங்கள். வாக்கியம் எங்கே முடிகிறது என்பது அவருக்குத்தான் தெரியும்.

உதட்டைப் படிக்கும் வித்தை

தெருவின் அந்தப் பக்கம் நிற்பவரின் உதட்டைப் பார்த்து ரகசியம் கண்டுபிடிக்கும் நாயகி வேண்டாம். 'படம்', 'மடம்' இரண்டுக்கும் உதடு ஒரே மாதிரிதான் அசையும். நேருக்கு நேர், நல்ல வெளிச்சத்தில் இருந்தாலும் பாதி ஊகம்தான்.

அதிர்ச்சியில் காது கேட்கத் தொடங்கும் க்ளைமாக்ஸ்

வேண்டாம்.

"அப்படி நடிக்க ஆள் இல்லை"

தேடவில்லை என்று சொல்லுங்கள். காது கேளாத மார்லி மாட்லின் 1987-லேயே சிறந்த நடிகைக்கான ஆஸ்கர் வாங்கிவிட்டார். 2022-ல் ட்ராய் காட்சர் துணை நடிகருக்கான ஆஸ்கர் வாங்கினார். இங்கே காது கேளாதோர் சங்கங்களிடம் கேட்காமலேயே பலர் கையை விரித்துவிடுகிறார்கள்.

கடைசி நேர அழைப்பு

படப்பிடிப்புக்கு முந்தின நாள் இரவு எனக்கு போன் வரும். அதற்குள் வசனம் முடிவாகி, லொகேஷனும் பிடித்திருப்பார்கள். காட்சி ஊடகங்களில் மாற்றுத்திறனாளிகளைச் சித்தரிப்பது பற்றி 2024 ஜூலையில் வந்த தீர்ப்பில், படைப்பை உருவாக்குவதிலும் மதிப்பிடுவதிலும் அவர்களுக்குப் பங்கு வேண்டும் என்று உச்ச நீதிமன்றமே சொல்லியிருக்கிறது. நான் காது கேட்கிறவன், மொழிபெயர்ப்பாளன் மட்டும்தான். கதை எழுதும்போதே காது கேளாத ஒருவரைக் கூப்பிடுங்கள், அவருக்குச் சம்பளமும் கொடுங்கள்.